ஆடாத ஆட்டத்தின் புள்ளி யாருக்கு?

ரக்பி உலகக் கோப்பை 2027 அக்டோபர் 1-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கவிருக்கிறது. புயலோ போரோ குறுக்கிட்டால் புள்ளி எப்படிக் கணக்காகும் என்று கேட்டு வந்த கடிதங்களில், உத்தரகோசமங்கை வாசகர் ஒருவருடையது சண்டைக்கே வந்துவிட்டது: 1996 கிரிக்கெட் கோப்பையை இலங்கை இனாமாகக் கிடைத்த புள்ளியில்தானே வென்றது?

இல்லை.

1996 ஜனவரி 31-ல் கொழும்பு மத்திய வங்கியில் வெடித்த குண்டுக்கு 90 பேருக்கு மேல் பலியானார்கள். ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட மறுத்தன. சொன்ன காரணம் பாதுகாப்பு. அதே கொழும்பில் ஜிம்பாப்வே ஆடியது. கண்டியில் கென்யா ஆடியது. பிப்ரவரி 13 அன்று இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகக் கொழும்பில் களமிறங்கினார்கள். மறுப்பதைச் சுலபமாக்கியது போட்டி அமைப்புதான்: குழுவில் ஆறு அணி, அதில் நான்கு காலிறுதிக்குப் போகலாம். ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால் பெரிய நஷ்டமில்லை.

ஆடாத ஆட்டத்துக்கு 2 வீதம் இலங்கைக்கு 4 புள்ளி கிடைத்தது. மொத்தம் 10, முதலிடம். அந்த நான்கையும் சமமாகப் பங்கிட்டிருந்தாலும் இலங்கை 8, ஆஸ்திரேலியா 7, இந்தியா 6, மேற்கிந்தியத் தீவுகள் 5. வரிசை மாறாது. இரண்டிலும் தோற்றிருந்தால்கூட இலங்கை 6 புள்ளியோடு காலிறுதிக்கு வந்திருக்கும். தடுமாறியது மேற்கிந்தியத் தீவுகள். புனேயில் கென்யாவிடம் 93 ரன்னில் சுருண்ட அணி, ஜெய்ப்பூரில் ஆஸ்திரேலியாவை வென்ற பிறகுதான் மூச்சுவிட்டது.

ரக்பியின் கணக்கு வேறு. 2019-ல் ஜப்பானை ஹகிபிஸ் புயல் தாக்கியபோது மூன்று லீக் ஆட்டங்கள் ரத்தாயின. ஒவ்வொன்றும் 0-0 சமன். அணிக்கு 2 புள்ளி. எல்லோருக்கும் ஒரே விதி, முன்பே ஒப்புக்கொண்ட விதி என்றது உலக ரக்பி அமைப்பு. ஆனால் அடி எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழவில்லை. தங்களுக்குள் மோதவிருந்த இங்கிலாந்தும் பிரான்ஸும் ஏற்கெனவே காலிறுதிக்குத் தேறியிருந்தன. நியூசிலாந்துக்கு அந்த 2 புள்ளியே போதும். நியூசிலாந்தை வென்றால்தான் வழி என்றிருந்த இத்தாலி, களமிறங்காமலே ஊர் திரும்பியது. ஜெயிக்கும் வாய்ப்பு சொற்பம்தான். ஆனாலும் அதை ஆடித்தான் இழந்திருக்க வேண்டும். புள்ளி தேவைப்பட்டது நியூசிலாந்துக்கு என்றால் இப்படி ரத்து செய்திருக்க மாட்டார்கள் என்றார் இத்தாலி கேப்டன் செர்ஜியோ பாரிசே. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

மாற்று நாளில் ஆடியிருக்கலாமே? லீக் ஆட்டங்களுக்கு விதி இடம் தரவில்லை.

ஆட்டம் ரத்தான ஊரில் வீரர்கள் என்ன செய்தார்கள்? கமாய்ஷியில் கனடா அணியினர் மண்வெட்டி எடுத்துத் தெருச் சேற்றை அள்ளினார்கள்.

தங்கள் ஆட்டத்தை ரத்து செய்தால் வழக்குப் போடுவோம் என்ற ஸ்காட்லாந்து? புயலுக்கு மறுநாள் ஆட்டம் நடந்தது; ஜப்பானிடம் 28-21 என்று தோற்று வெளியேறியது.