மின்வடத்தைப் பேணுதல்

"எறும்பூரக் கல்லுந் தேயும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. கல்லே தேயுமாயின், மெல்லிய செப்பிழைகளால் ஆகிய மின்வடம் நாடோறும் மடங்கியும் நிமிர்ந்தும் இழுபட்டும் தேயாதிருத்தல் எங்ஙனம்? கணினியின் திரையில் ஒரு கீறல் விழினும் உள்ளம் நோகும் நாம், அதற்கு உயிரூட்டும் வடத்தைக் கட்டிற்காலின் கீழும் கதவிடுக்கிலும் கிடக்க விடுகின்றோம். அவ்வடம் கெடும் வகையையும் அதனைக் காக்கும் நெறியையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

2011ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பயனாக, சேலம் மாவட்டத்து ஆட்டையாம்பட்டி போன்ற சிற்றூர்களின் எளிய இல்லங்களிலும் கணினி புகுந்தது. கைம்முறுக்கிற்கும் நெசவிற்கும் பெயர்பெற்றது அவ்வூர். தொழிலும் குடியிருப்பும் ஒரே கூரையின்கீழ் அமைந்த வீட்டில், ஒருபுறம் தறியும் மறுபுறம் எண்ணெய்ச் சட்டியும் இருப்ப, இடையே மாணவன் ஒருவன் கணினியுடன் அமர்ந்து படிக்க வேண்டியவனாகின்றான். அவன் வடம் பழுதுறின், புதியதொன்றின் விலை பெற்றோர்க்குச் சில நாட் கூலியாம். பழுதறியாது தொடின், இழப்பு விலையோடு நில்லாது.

இனி, வடத்தின் அமைப்பை நோக்குவோம். அதனுள் இருப்பது ஒற்றைக் கம்பியன்று. நுண்ணிய செப்பிழைகள் பல திரண்டு, மேலே பி.வி.சி. உறை போர்த்தப்பெற்றுள்ளன. வளைந்து கொடுத்தற்பொருட்டே இழைகள் பலவாயின. ஆயினும், ஒரே இடத்தில் பன்முறை வளைப்பின் உலோகம் களைப்புற்று, இழைகள் ஒவ்வொன்றாக அறும். எஞ்சியவை சிலவே மின்னோட்டம் முழுவதையும் தாங்க வேண்டுதலின், அவ்விடம் சூடேறும். மின்னோட்டம் இருமடங்காயின் வெப்பம் நான்மடங்காம் என்பது ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் 1841இல் வெளியிட்ட விதியாகும்.

பாவு நூல் உராய்வு மிக்க இடத்திலேயே அறும் என்பதை நெசவாளர் நன்கறிவர். மின்வடமும் அத்தகையதே. அது பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. பிளக்கை அடுத்தும், அடாப்டரை அடுத்தும், கணினியிற் செருகும் முனையை அடுத்துமே அறும்.

அடாப்டருக்கு இருபுறமும் உள்ள வடங்கள் தம்முள் வேறுபாடுடையன. 65 வாட் அடாப்டர் ஒன்றில், சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் வடத்தில் ஏறக்குறைய 0.3 ஆம்பியரே ஓடும். கணினிக்குச் செல்லும் 20 வோல்ட் மெல்வடத்திலோ 3.25 ஆம்பியர் ஓடும். ஆதலின், மெல்வடம் பழுதுறின் சூடேறுதலை அஞ்ச வேண்டும். சுவர்ப்புற வடத்தின் உறை கிழியின் உயிர்க்கே ஊறு நேரும்.

காக்கும் நெறிகள் பின்வருமாறு:

முதலாவது, பிளக்கைக் கழற்றுங்கால் சுவிட்சை அணைத்து, பிளக்கின் தலையைப் பற்றியே இழுத்தல் வேண்டும். ஒயரைப் பற்றி இழுத்தல் ஆகாது.

இரண்டாவது, அடாப்டரின்மேல் வடத்தை இறுகச் சுற்றலாகாது. முறுக்கு நாவிற்கு இனிது. மின்வடத்திற்கோ அதுவே நஞ்சு. இரு முனைகளிலும் சிறிது தளர்வு விட்டு, அகன்ற வளையமாகச் சுருட்டி, தறியில் எஞ்சிய துணிக்கீற்றால் மெல்லக் கட்டினாற் போதும்.

மூன்றாவது, நடக்கும் வழியிலும் பாயின் அடியிலும் வடத்தை இடற்க. மிதிபட்டு நசுங்குவதோடு, வெப்பம் வெளியேறவும் வழியின்றிப் போம். அடுப்பின் அனலும், எண்ணெய்ப் பிசுக்கும், கடும்வெயிலும் உறையை நாளடைவில் இறுகச் செய்து வெடிக்கச் செய்யும்.

நான்காவது, எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன; அவற்றைத் தேய்த்தற்பொருட்டு அது எதனையும் கொறிக்கும். ஆதலின், இரவில் வடத்தைத் தரையில் விடாது பைக்குள் வைத்தல் நலம்.

ஐந்தாவது, மூன்று முனைப் பிளக்கின் நீண்ட முனையை வெட்டி இருதுளைப் பெட்டியிற் செருகுவாரும் உளர். அம்முனையே மின்கசிவை நிலத்திற்குக் கொண்டு செல்வது. ஏனையவற்றிற்கு முன்னே பொருந்தி, அவற்றிற்குப் பின்னே விலகவே அது நீண்டுள்ளது. அதனை வெட்டுவது காவலனை வாயிலினின்று துரத்துவதை ஒக்கும்.

நிற்க. வடத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே மின்சாரம் ஏறுதல், ஓரிடம் சுடுதல், கருகிய நாற்றம், செம்பு வெளித்தெரிதல் ஆகிய இவை அழிவின் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று காணினும் உடனே பயன்பாட்டை நிறுத்துக. ஒட்டுநாடா சுற்றுதல் கிழிசலை மறைக்குமேயன்றி அறுந்த இழையைச் சேர்க்காது. பல அடாப்டர்களில் சுவர்ப்புற வடம் தனியே கழலுமாதலின், ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற வடம் ஒன்றை மட்டும் வாங்கி மாற்றலாம்.

மாணவ நண்பர்காள்! இவற்றிற்குப் பொருட்செலவு யாதும் இல்லை. வேண்டுவது நாளொன்றுக்கு அரை நிமிடக் கவனமே. பெற்றோரின் உழைப்பைப் போற்றுவோர் அவ்வுழைப்பால் வந்த சிறு பொருளையும் போற்றுவர். இன்றிரவு கணினியை மூடுமுன், நும் வடத்தின் இரு முனைகளையும் ஒருமுறை உற்றுநோக்குமின்.