.303-க்கும் .315-க்கும் நடுவே ஒரு சட்டம்

இந்தியாவில் உரிமம் வைத்திருக்கும் ஒருவர் ரைஃபிள் வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிளாகத்தான் இருக்கும். மேற்கு வங்கத்தில் இருக்கும் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்வது. அதைப் பார்த்ததுமே போலீஸ்காரர்கள் தோளில் தொங்கும் பழைய .303 ஞாபகம் வரும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இரண்டுக்கும் அடிப்படை அதே லீ-என்ஃபீல்டு போல்ட் அமைப்புதான்.

அப்படின்னா அந்த .303-ஐயே விற்றுவிடலாமே? எதுக்காகக் குழலை மாற்றி, சேம்பரை மாற்றி, தனியா ஒரு தோட்டாவும் தயாரிக்கணும்? இதற்கு இயந்திரவியலில் பதில் இல்லை. அரசியலில்தான் இருக்கிறது.

இரண்டு தோட்டாக்கள்

முதலில் கொஞ்சம் அளவு பார்த்துக்கொள்வோம். .303 என்பது பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டா. அதன் வெடியுறை 56 மில்லிமீட்டர் நீளம். .315 என்று நாம் சொல்வது உண்மையில் 8×50 மான்லிகர், ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவம் 1890 வாக்கில் பயன்படுத்திய தோட்டா. அதன் வெடியுறை 50 மில்லிமீட்டர்தான், ஆனா அடிப்பகுதி .303-ஐ விடத் தடிமன். அதனால் ஒன்றுக்கான துப்பாக்கியில் மற்றது உட்காராது. சக்தியில் பெரிய வித்தியாசம் கிடையாது. மானோ மனிதனோ, எதிரே நிற்கும் உயிருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆக .315 ஒன்றும் சாதுவான வேட்டைத் தோட்டா இல்லை. அதுவும் போருக்குச் செய்ததுதான். ஒரே வித்தியாசம், அது வேறொரு சாம்ராஜ்யத்தின் போர்த் தோட்டா. இந்தியாவில் எந்தப் பட்டாளத்துக் கிடங்கிலும் அது கிடையாது. கிடங்கிலிருந்து திருடிய தோட்டா குடிமக்கள் கையிலிருக்கும் துப்பாக்கியில் ஓடக் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சியாளர்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். சார்ஜர் பின்னை வேண்டுமென்றே வேறு அளவில் செய்து விற்பது மாதிரி.

இதே பயத்தில் பிறந்த இன்னொரு கதையும் உண்டு. 1900-களின் முதல் பத்தாண்டில் .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்கும் சூடானுக்கும் கொண்டுவரத் தடை போட்டார்கள். வடமேற்கு எல்லையில் கிளர்ச்சிக்காரர்களிடம் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் இருந்தன. வேட்டைத் தோட்டாவின் குண்டைக் கழற்றி அவற்றுக்குப் பயன்படுத்திவிடுவார்களோ என்ற சந்தேகம். இங்கிலாந்தின் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? இந்தியாவுக்கு யானை, காட்டெருமை வேட்டைக்கு வரும் துரைமார் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர்கள் ஆச்சே. .465, .470, .475 என்று வரிசையாக இறக்கினார்கள். .470-இன் சக்தி ஏறத்தாழ பழைய .450-இன் சக்திதான். இன்றைக்கும் ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் கொண்டாடும் .470 பிரபலமானதற்குக் காரணம் நம்ம ஊர் அரசாங்கத்தின் ஒரு தடை உத்தரவு.

பயத்தின் வயது

இந்தப் பயம் எல்லையில் மட்டும் தொடங்கியதில்லை. எங்கள் கங்கைகொண்டானிலிருந்து நாலுவழிச் சாலையில் வடக்கே போனால் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். இரண்டு வருஷம் கழித்து, பாளையக்காரர்களை முழுசாக ஒடுக்கிய பிறகு, 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். நம்ம சீமையில் ஆயுதக் களைவு 1857-க்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் அதே கொள்கை இந்தியா முழுவதுக்குமான ஆயுதச் சட்டமாக வந்தது. இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. 1911-இல், எங்கள் ரயில் பாதையிலேயே இருக்கும் மணியாச்சியில், கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பிரௌனிங் கைத்துப்பாக்கியால். உரிமச் சட்டம் முப்பது வருஷத்துக்கு மேல் அமலில் இருந்தும் அதைத் தடுக்க முடியவில்லை.

1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமைகளில் ஒன்றாகச் சொன்னது. சுதந்திரத்துக்குப் பின் அரசியலமைப்பில் அது அடிப்படை உரிமையாக இடம்பெறவில்லை. அந்த முடிவு சரியா தப்பா என்பது தனி விவாதம். என் கேள்வி அதற்கு அடுத்தது: உரிமம் கொடுப்பது என்று முடிவான பிறகு, எந்தத் துப்பாக்கிக்குக் கொடுக்கலாம் என்பதை எதை வைத்துத் தீர்மானித்தார்கள்?

சட்டம் எதை அளக்கிறது?

1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 1962 விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. இழுத்த விசையை விடும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும் தானியங்கிகளுக்கு ஏற்கெனவே தடை. அதில் நியாயம் இருக்கிறது, ஆபத்தை அளந்து போட்ட தடை அது. ஆனா அடுத்து வருவதைப் பாருங்கள். .303 அல்லது 7.62 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவை ஏற்றிச் சுடக்கூடிய எந்த ரைஃபிளும் தடைசெய்யப்பட்ட வகை. .410 மஸ்கட்டும் அதே வகை. வியாபாரிகள் பேச்சில் இவை 'பி.பி.', மற்றவை 'என்.பி.பி.'

இதில் இரண்டு வேடிக்கைகள் உண்டு.

ஒன்று, .30-06. இஷாப்பூரிலேயே செய்து குடிமக்களுக்கு விற்கிறார்கள். .303 குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் சுமார் 3,200 ஜூல். .30-06 குண்டுக்குச் சுமார் 3,800. அதன் குண்டு ராணுவ 7.62-இன் குண்டுக்குச் சமமான விட்டம். ஆனா வெடியுறை 12 மில்லிமீட்டர் நீளம் அதிகம், ராணுவத் தோட்டா அந்தச் சேம்பரில் சரியாக உட்காராது. அதனால் அதிக சக்தியுள்ள துப்பாக்கிக்கு அனுமதி, குறைந்த சக்தியுள்ளதுக்குத் தடை.

இரண்டாவது, அந்த .410 மஸ்கட். சிறைக் காவலர்களுக்கும் போலீசுக்கும் கொடுப்பதற்காக, .303 ரைஃபிளின் குழலை மாற்றி, மேகசின் இடத்தை மரக்கட்டையால் அடைத்து, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா என்று ஆக்கியது. நம்பிக்கைக் குறைவின் அச்சு அசல் வடிவம்! அதன் தோட்டாவும் கழுத்தைக் குறுக்காத .303 வெடியுறைதான். சாதாரண 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி கிட்டத்தில் இதைவிடக் கொடூரமானது, அதற்கு உரிமம் உண்டு. மஸ்கட்டுக்குத் தடை. ஏன்? மஸ்கட் அரசாங்கத்துடையது.

கைத்துப்பாக்கியிலும் இதே கதை. .38-உம் 9 மில்லிமீட்டரும் காவல்துறை, ராணுவத்துக்கு, குடிமகனுக்கு.32. பெண்களுக்கென்று 2014-இல் கான்பூரில் செய்து வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரும் .32-தான்.

ஆக சட்டம் இந்த இடத்தில் கேட்பது "இதனால் எத்தனை பேர் சாவார்கள்?" என்று இல்லை. "இது யார் தோட்டாவைச் சுடும்?" என்று கேட்கிறது. வெள்ளைக்காரன் கேட்ட கேள்வி. 2016-இல் புதிய விதிகள் வந்தும் அந்தக் கேள்வி மாறவில்லை. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி: எழுதினவர் போய்ப் பல வருஷம் ஆகியும், எதுக்கு இருக்கிறதென்று தெரியாத ஒரு 'இஃப்' வரியைத் தொட யாருக்கும் தைரியம் வராது.

மற்ற நாடுகளின் பயங்கள்

ஒவ்வொரு நாடும் எதைக் கண்டு பயந்ததோ அதைத் துப்பாக்கியில் படிக்கலாம். இத்தாலி நம்மை மாதிரியே ராணுவத் தோட்டாவுக்குப் பயந்தது. அதனால் 9×19-க்குப் பதில், வெடியுறை இரண்டு மில்லிமீட்டர் நீண்ட 9×21 அங்கே பல ஆண்டுகள் ஓடியது. அமெரிக்கா 1994 சட்டத்தில் ராணுவத் தோற்றத்துக்குப் பயந்தது. பயனெட் மாட்டும் கொக்கி, மடக்கும் கட்டை, தீப்பொறி மறைப்பான் என்று உறுப்புகளை எண்ணித் தடை போட்டார்கள். கம்பெனிகள் அவற்றைக் கழற்றிவிட்டு அதே துப்பாக்கியை விற்றன. 2004-இல் சட்டம் காலாவதியானது. பிரிட்டன், 1987 ஹங்கர்ஃபோர்டு படுகொலைக்குப் பின், வேகத்துக்குப் பயந்தது. அடுத்த ஆண்டே பெரிய தோட்டா சுடும் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களைத் தடை செய்தது. அதனால் அங்கே விற்கும் ஏ.ஆர்.-15 வகையில் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுக்க வேண்டும். மூன்றில், ஆபத்தை நேரடியாக அளந்தது பிரிட்டன்தான் என்பது என் அபிப்பிராயம்.

அந்த 315 எங்கே போய் நின்றது

வட இந்தியாவில், குறிப்பாக உத்தரப் பிரதேசம், பீகாரில், போலீஸ் பிடிக்கும் கள்ளத் துப்பாக்கிச் செய்திகளைப் படித்திருப்பீர்கள். 'கட்டா' என்று சொல்லும் அந்த நாட்டுக் கைத்துப்பாக்கிகளில் திரும்பத் திரும்ப வரும் அளவு, .315 போர். காரணம் எளிது. பட்டறையில் குழல் செய்கிறவன், சந்தையில் எந்தத் தோட்டா கிடைக்கிறதோ அதற்குத்தான் செய்வான். குடிமக்கள் சந்தையில் இருக்கும் ரைஃபிள் தோட்டா அதுதான். பட்டாளத்துத் தோட்டா வெளியே வராமல் இருக்கப் போட்ட வேலி, வேலிக்கு வெளியே ஒரு தனித் தோட்டாவை வளர்த்துவிட்டது. அதில் செத்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஜனங்கள்.

துப்பாக்கி அதிகமாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாதிச் சண்டையில் அரிவாளே இவ்வளவு செய்யும் மாவட்டத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல மனசு வராது. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும் எனக்குச் சம்மதமே. என் ஆதங்கம் அளவுகோலைப் பற்றியது. தன் கிடங்கைக் காப்பது அரசாங்கத்துக்கு அவசியம்தான், ஆனா குடிமகன் உயிரைக் காப்பது அதைவிட அவசியம். முதலாவதுக்கான அளவுகோலை வைத்து இரண்டாவதை அளக்க முடியாது. கள்ளத் தோட்டா எந்தக் கடைக் கணக்கிலிருந்து நழுவுகிறது என்று தேடும் வேலை, போர் அளவைப் பிரித்துப் பார்க்கும் வேலையைவிடக் கஷ்டம். ஆனா உயிர் போவது அங்கேதான்.