முதல்ல குரைச்சது யாரு?

'ஹவுண்ட் டாக்' பாட்டுன்னா உடனே யார் ஞாபகம் வரும்? இடுப்பை ஆட்டுற எல்விஸ் பிரெஸ்லிதானே! ஆனா, அவருக்கு நாலு வருஷம் முன்னாடியே அதே பாட்டை ஒரு அக்கா பாடி பட்டையைக் கிளப்பிட்டாங்க பாஸ்.

அவங்க பேர் பிக் மாமா தார்ன்டன். (தாய்மாமன்னு நினைச்சிடாதீங்க. அந்த ஊர்ல மாமான்னா அம்மா!) அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பாடகி. ஆஜானுபாகுவான உருவம், மைக்கே வேண்டாங்கிற மாதிரி குரல்.

1952 ஆகஸ்ட், லாஸ் ஏஞ்சலீஸ். பேண்ட் லீடர் ஜானி ஓடிஸ் தன் வீட்டு ரிகர்சலுக்கு ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர்னு ரெண்டு பசங்களைக் கூப்பிடுறார். ரெண்டு பேருக்கும் வயசு 19, உங்க செட்டு! அக்காவோட கெத்தைப் பார்த்து மிரண்டவங்க, கார்ல போகும்போதே வரி போட ஆரம்பிச்சு, கால் மணி நேரத்துல பாட்டை முடிச்சுட்டாங்க. தன் காசுல தின்னுட்டு ஊர் சுத்துற ஒருத்தனை, ஒரு பொண்ணு 'போடா வெளியே'ன்னு துரத்துற பாட்டு அது. நாய்ங்கிறது அந்த ஆளைத்தான்!

1953-ல் வெளியாகி, 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' பட்டியல்ல 7 வாரம் முதலிடம். காசு? தனக்குக் கிடைச்சது ஒரே ஒரு 500 டாலர் செக்தான்னு தார்ன்டன் பின்னால சொல்லியிருக்காங்க. எழுதின பசங்களுக்கு வந்த 1,200 டாலர் செக்கோ பேங்க்ல இருந்து திரும்பியே வந்துடுச்சு!

அப்போ கறுப்பினத்தவர் ரெக்கார்டுக்குத் தனிப் பட்டியல், தனி ரேடியோ. அந்தச் சுவரைத் தாண்டி வெள்ளைக்கார வீடுகளுக்குள்ள பாட்டு போகணும்னா, வெள்ளைக்காரர் ஒருத்தர் பாடணும். 1956-ல் லாஸ் வேகாஸ் போன எல்விஸ், ஃப்ரெடி பெல் குழு இதையே காமெடியாக்கிப் பாடுறதைக் கேட்டார். வரியெல்லாம் மாறி, முயல் பிடிக்கத் தெரியாத நிஜ நாய் ஆகியிருந்தது பாட்டு. லீபருக்கு இந்த மாற்றம் சுத்தமா பிடிக்கலை. (எனக்கும்தான்!) ஜூலை 1-ல் டி.வி.யில் தொப்பி போட்ட ஒரு நாயைப் பார்த்து எல்விஸைப் பாட வெச்சாங்க. மறுநாளே நியூயார்க்ல ரெக்கார்டிங். 31 தடவை பாடினார் மனுஷன். உழைப்பைக் குறை சொல்ல முடியாது. 11 வாரம் நம்பர் ஒன்!

அதே மாசம் 'ஆண்ட்ரியா டோரியா' கப்பல் மூழ்குச்சு. அதிலிருந்து உயிர் தப்பி நியூயார்க் துறைமுகத்துல இறங்கின ஸ்டோலர்கிட்ட, 'நம்ம பாட்டு சூப்பர் ஹிட்'னாராம் லீபர். 'பிக் மாமா பாடினதா?'ன்னு இவர் கேட்க, 'இல்லப்பா, எல்விஸ்னு ஒரு வெள்ளைக்காரப் பையன்'னு பதில்.

தார்ன்டனுக்கு இது ஒரு தடவையோட முடியலை. அவங்களே எழுதின 'பால் அண்ட் செயின்', 1967-ல் ஜானிஸ் ஜாப்ளின் பாடித்தான் பிரபலமாச்சு. 1984-ல் தார்ன்டன் இறந்தாங்க. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல எல்விஸுக்கு 1986-லேயே, முதல் வரிசையிலேயே இடம். அக்காவுக்கு? 2024-ல்!

ரெண்டு பாட்டும் யூடியூப்ல இருக்கு. முதல்ல அக்காவைக் கேளுங்க. கடைசியில பேண்ட்ல இருக்கிறவங்க எல்லாம் சேர்ந்து ஊளையிட்டுக் குரைப்பாங்க... செம ரகளை!