வண்டலை இறக்கும் பலகை

பிரான்ஸ் தேசத்து மன்னர்கள் பலர் முடிசூடிக்கொண்ட தேவாலயத்தைக் காணவே பெரும்பாலோர் செல்லும் ரீம்ஸ் நகரத்திற்கு, இரசாயனம் பயிலும் மாணவர்கள் கல்விப் பயணமாகச் செல்வார்களாயின், அவர்கள் அவசியம் பார்க்கவேண்டியது பூமிக்கடியில் இருக்கிறது. கட்டடங்களுக்காகப் பூர்வகாலத்தில் சுண்ணக்கல் வெட்டியெடுத்த ஆழ்ந்த குழிகளே பிற்காலத்தில் ஷாம்பேன் மதுவின் நிலவறைகளாயின. கோடையிலும் குளிர்காலத்திலும் ஏறத்தாழ ஒரே சீரான குளிர்ச்சி நிலவும் இவ்வறைகளை யுனெஸ்கோ 2015-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களோடு சேர்த்தது.

ஒருமுறை புளித்துத் தெளிந்த திராட்சை மதுவைப் புட்டியில் அடைத்து, சிறிது சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து இறுக மூடிவிட்டால், உள்ளே மறுபடியும் புளிப்பு நிகழ்ந்து, வெளியேற வழியற்ற கரியமில வாயு மதுவிலேயே கரைந்து, காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப் போல் சுமார் 6 மடங்கு அழுத்தத்தோடு அடங்கிக் கிடக்கிறது. குமிழிகளின் காரணம் இதுவே. ஆனால் தன் தொழில் முடிந்து மடிந்த ஈஸ்ட், நுண்ணிய வண்டலாகப் புட்டியில் தங்கிவிடுகிறது. வேறு புட்டிக்கு மாற்றித் தெளியவைத்தாலோ அரும்பாடுபட்டுச் சேர்த்த வாயு போய்விடும்.

இச்சங்கடத்திற்குப் பரிகாரம் கண்டது, 1805-ல் கணவனை இழந்து, 27 வயதிலேயே குடும்ப வியாபாரத்தை ஏற்று நடத்திய கிளிக்கோ அம்மையாரின் நிலவறை. துளையிட்ட பலகையில் புட்டிகளைக் கழுத்துப்புறமாகச் செருகி, ஒவ்வொன்றையும் சிறிது குலுக்கி, சிறிது திருப்பி, சரிவை நாளுக்குநாள் அதிகமாக்கிக்கொண்டே போனால், சில வாரங்களில் புட்டி தலைகீழாக நிற்க, வண்டல் முழுவதும் மூடியருகே வந்து சேர்ந்துவிடும். 1816-ஐ ஒட்டி இம்முறை உருவாயிற்று என்பர். ஈஸ்ட் என்பது உயிருள்ள பொருளென்றும் புளிப்பு அதன் ஜீவித காரியமென்றும் பாஸ்டர் நிரூபித்ததோ 1850-களின் பிற்பகுதியில்தான். அவ்வண்டல் இன்னதென்று விளங்குவதற்குச் சுமார் 40 ஆண்டுகள் முன்னரே அதை அப்புறப்படுத்தும் உபாயத்தைத் தொழிலாளரின் கைகள் கண்டுகொண்டன என்பதை நினைக்கையில், அந்தப் பலகையை எந்த ஆராய்ச்சிக் கருவிக்கும் குறைந்ததாக எண்ண எனக்கு மனம் வரவில்லை.

பின்னர் வந்த வழக்கப்படி, கழுத்தை மட்டும் கடுங்குளிர்ந்த உப்புநீரில் அமிழ்த்த, வண்டல் பனிக்கட்டியாக உறைகிறது. மூடியைத் திறந்ததும் வாயுவே அதை வெளியே தள்ளிவிடுகிறது. குறைந்த அளவை மதுவும் சர்க்கரையும் கலந்த திரவத்தால் நிரப்பிப் புதிய தக்கையை அடைத்துக் கம்பியால் கட்டுகிறார்கள்.

இன்று சுமார் 500 புட்டிகளை ஒருசேரச் சுழற்றும் இயந்திரக் கூண்டுகள், வாரக்கணக்கான அவ்வேலையை ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடித்துவிடுகின்றன. கூண்டில் பொருந்தாத பெரிய புட்டிகளை இன்றும் மனிதரே பலகையில் வைத்துத் திருப்புவதுண்டு.