கரையிறங்கும் உரிமை

தென்னாப்பிரிக்காவிலிருந்த கணவருடன் வாழ, கப்பலேறி வந்த இந்தியப் பெண்ணொருவரைக் குடியேற்ற அதிகாரிகள் கரையிறங்க விடவில்லை. வழக்கை விசாரித்த கேப் மாகாண நீதிபதி சியர்ல், பலதார மணத்தை ஏற்கும் சமயங்களின் முறைப்படி நடந்த திருமணம் சட்டத்தின்முன் செல்லாது என 1913 மார்ச்சில் தீர்ப்பளித்தார். இந்து, இசுலாமியப் பெண்களின் மனைவி என்னும் உரிமையே இதனால் கேள்விக்குள்ளானது.

முறையீடுகள் பயன்தராத நிலையில் பெண்களும் அறப்போரில் இறங்கினர். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரி 22இல் தம் பதினாறாம் வயதில் உயிர்நீத்தார்.

குறைகளை ஆராய அரசு அமைத்த சாலமன் ஆணையத்தில் இந்தியர் ஒருவரும் இடம்பெறவில்லை. ஆகவே, காந்தியடிகள் அதன்முன் சாட்சியமளிக்க மறுத்தார். எனினும், ஆணையத்தின் பரிந்துரைகளையொட்டி 1914இல் இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம், இந்தியரின் ஒருதாரத் திருமணங்களை ஏற்றது. மூன்று பவுன் வரியையும் நீக்கியது. புதிதாகக் குடியேற விரும்பிய இந்தியர்க்கான தடையோ நீடித்தது.