வீட்டு வளாகத்து முதுமரம்: பொறுப்பும் அனுமதியும்

பாலிகஞ்சில் ஒரு வீட்டின் மதிலுக்குள் நிற்கும் மரம் அந்த வீட்டுக்காரருக்கே சொந்தம் என்பதில் ஐயமில்லை. எனினும் அதை நினைத்தபோது வெட்டும் உரிமை அவருக்கு இல்லை, அது விழுந்து பிறரைத் தாக்கினால் எழும் பொறுப்போ பெரும்பாலும் அவரையே சேர்கிறது. இதை அறியாமல் சிலர் அனுமதியின்றி இரவோடிரவாக மரத்தைச் சாய்த்து வழக்கில் சிக்குகிறார்கள். வேறு சிலர் வழக்குக்கு அஞ்சி, பட்டுப்போன மரத்தையும் தொடாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது தவறே கொடியது, ஏனெனில் அதில் போவது உயிர்.

தெற்குக் கொல்கத்தாவின் இப்பகுதியில் பழைய பங்களாக்களும் அவற்றை இடித்து எழுந்த அடுக்ககங்களும் கலந்து நிற்கின்றன. வங்காளிகள் கிருஷ்ணசூடா என்று அழைக்கும் செம்மயிற்கொன்றை, ராதாசூடா எனப்படும் இயல்வாகை, சாதிம் என்ற ஏழிலைப்பாலை, மா, நாவல், தென்னை ஆகியவை இங்குள்ள வீடுகளில் வழக்கமாகக் காணப்படும் மரங்கள். கங்கையின் வண்டல் படிந்த, நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும் மண்ணில் பல மரங்களின் வேர்கள் ஆழம் போவதில்லை. அடிமரத்தைச் சுற்றி சிமெண்ட் பூசுவதும், சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்கத்து வேர்களை அறுத்துவிடுவதும் எஞ்சிய பிடிப்பையும் குறைத்துவிடுகின்றன. சித்திரையை ஒட்டி வடமேற்கிலிருந்து திடீரென எழும் இடிப்புயலாகிய கால்பைசாகி ஆண்டுதோறும் இம்மரங்களைச் சோதிக்கிறது. 2020 மே 20 அன்று அம்பன் புயல் மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காற்றுடன் நகரைக் கடந்தபோது, 5,000-க்கும் மேற்பட்ட மரங்கள் விழுந்ததாக மாநகராட்சி தெரிவித்தது. அருகிலுள்ள ரவீந்திர சரோவர் ஏரிக்கரையிலும் பெரிய மரங்கள் பல வேரோடு சாய்ந்தன. 2016 டிசம்பரில் வர்தா புயலைக் கண்ட சென்னைவாசிகளுக்கு அந்தக் காட்சி புதிதல்ல.

முதிர்ந்த மரமெல்லாம் ஆபத்தான மரம் அல்ல என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மனை விற்கும்போதும் அடுக்ககம் கட்டும்போதும், நன்றாக இருக்கும் மரத்தின்மீது 'ஆபத்து' என்ற முத்திரை எளிதாகக் குத்தப்படுகிறது. சாய்ந்து நிற்பது மட்டும் குறையாகாது. இளமையிலேயே வெயிலை நோக்கிச் சாய்ந்து வளர்ந்த மரம், அதற்கேற்ப வேரையும் அடிமரத்தையும் வலுப்படுத்திக்கொண்டிருக்கும். அண்மையில் சாய்வு கூடியிருப்பதும், சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து மண் விண்டு மேடாகக் கிளம்பியிருப்பதுமே அபாயக்குறிகள். அடிமரத்தில் தட்டுத் தட்டாக, ஓரம் வெளுத்த பழுப்புக் காளான் முளைத்திருந்தால் உள்ளே வேரும் கட்டையும் அழுகிக்கொண்டிருக்கக்கூடும். தென்னையைத் தாக்கும் தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணமும் இந்தக் காளான் இனமே. இரு பெருங்கிளைகள் குறுகிய கோணத்தில் பிரியும் கவட்டில் பட்டை உள்மடிந்து கிடந்தால், அந்த இணைப்பு பார்வைக்குத் தடித்திருந்தாலும் வலுவற்றது, பெருங்காற்றில் பிளந்துவிடக்கூடியது. மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டிப் பார்க்கும்போது ஓசை ஓரிடத்தில் வெற்றுப் பானையைத் தட்டுவதுபோல் மாறினால் அங்கே பொந்து இருக்கலாம். ஆனால் பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடாது. சுற்றிலும் எஞ்சியுள்ள நல்ல கட்டையின் கனம் ஆரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் தண்டு தாங்கும் என்பது மரவியலாளர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவுகோல். பட்ட கிளைகளை அகற்றுதல், உச்சியின் பாரத்தைக் குறைத்தல், அடியில் பூசிய சிமெண்டைப் பெயர்த்தல் ஆகியவற்றால் பல மரங்களைக் காப்பாற்றிவிடலாம். தலையை மொட்டையடிப்பதோ தீங்கே செய்யும். வெட்டுவாய் அழுகுவதோடு, அங்கிருந்து கிளம்பும் புதுக்கிளைகள் பிடிப்பில்லாமல் வளர்ந்து பின்னர் முறிந்து விழும்.

பொறுப்பைப் பற்றிய சட்டநிலைக்கு ஒரு தில்லி வழக்கு அடிப்படையாக அமைகிறது. 1964-இல் மல்கா கஞ்ச் சாலையில் ஸ்கூட்டரில் சென்றுகொண்டிருந்த ஒருவரின் தலையில் பட்டுப்போன வேப்பமரத்தின் கிளை முறிந்து விழ, அவர் உயிரிழந்தார். 1999-இல் உச்ச நீதிமன்றம், மரத்தைப் பராமரிக்க வேண்டிய தில்லி மாநகராட்சியே பொறுப்பு என்று தீர்த்தது. மரம் காய்ந்து பட்டுப்போயிருப்பது உரிமையாளருக்குத் தெரிந்திருந்தாலோ, கவனித்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலோ அவர் இழப்பீட்டுக்குக் கடமைப்பட்டவர் என்பதே அத்தீர்ப்பின் சாரம். இது தனி வீட்டுக்காரருக்கும் பொருந்தும். மாறாக, கண்ணுக்குப் புலப்படாத உட்குறையால் நல்ல வானிலையில் முறிந்த கிளைக்கு உரிமையாளர் பொறுப்பல்ல என்று 1926-இல் ஓர் ஆங்கில நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அறிவும் அலட்சியமுமே வழக்கின் உயிர்நாடி. அண்டை வீட்டார் தேதியிட்டு, படங்களுடன் அனுப்பும் ஒரு கடிதம், 'எனக்குத் தெரியாது' என்ற வாதத்தை அன்றோடு முடித்துவைக்கிறது.

வெட்டுவதற்கான அனுமதியை, வனமல்லாத பகுதிகளில் மரங்களைக் காப்பதற்காக மேற்கு வங்கம் 2006-இல் இயற்றிய சட்டம் கட்டாயமாக்குகிறது; அதன்படி கொல்கத்தாவின் தனியார் மனையில் நிற்கும் மரத்திற்கும் வனத்துறையின் உரிய அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். மரத்தின் இனம், சுற்றளவு, நிற்குமிடம், வெட்டுவதற்கான காரணம் ஆகியவற்றோடு மனையின் உரிமை ஆவணத்தையும் இணைப்பது நலம். பாலிகஞ்சின் பழைய வீடுகள் பலவும் பாகம் பிரியாத வாரிசுகளின் பெயரில் இருப்பதால், எல்லாப் பங்காளிகளின் எழுத்து இசைவையும் முன்னதாகவே வாங்கிவைக்காவிட்டால் விண்ணப்பம் முடங்கக்கூடும். ஈடாக மரம் நடும் கடமையும் விண்ணப்பதாரருக்கு உண்டு. அனுமதியின்றி வெட்டுவதை நீதிமன்றங்கள் இன்று எவ்வளவு கடுமையாக நோக்குகின்றன என்பதற்கு, மதுரா அருகே தனியார் நிலத்தில் வெட்டப்பட்ட 454 மரங்களுக்கு, மரம் ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதத்தை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றதே சான்று.

ஆபத்தான மரம் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்து, கடிதத்திற்கும் அவர் அசையவில்லை என்றால், பாதிக்கப்படக்கூடியவர் நிர்வாக நடுவரை அணுகலாம். விழுந்து தீங்கு செய்யக்கூடிய நிலையிலுள்ள மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் அது தொடர்கிறது. உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை, அதாவது ஒன்றைச் செய்யவோ செய்யாதிருக்கவோ பணிக்கும் ஆணை, கோருவதும் இயலும். சுவர் தாண்டி நீளும் கிளையைத் தம் பக்கம் நின்றே வெட்டலாம் என்பது ஆங்கிலப் பொதுச்சட்டம் ஏற்ற கொள்கை என்றாலும், அடுத்தவர் மனைக்குள் நுழைவதற்கோ முழு மரத்தையும் சாய்ப்பதற்கோ அது இடம் தருவதில்லை.

நடைபாதை மரம் மாநகராட்சியின் பொறுப்பில் இருப்பதால், அது வீட்டின்மேல் சாய்ந்திருந்தாலும் பூங்காத் துறைக்கு எழுதித்தான் அகற்றச் செய்ய வேண்டும். மேலே செல்லும் மின்கம்பிக்கு இடையூறாகும் மரத்தை 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி நிர்வாக நடுவரின் ஆணையால் அகற்றலாம். கம்பி வருவதற்கு முன்பே மரம் அங்கே நின்றிருந்தால் அதன் உடைமையாளருக்கு இழப்பீடு பெறும் வழியும் 68-ஆம் பிரிவில் உண்டு, இதை அறிந்தவர்கள் சிலரே.

அனுமதி கைக்கு வந்தபின் வேலையைக் குறைந்த கூலிக்கு வருபவரிடம் ஒப்படைப்பது இன்னொரு விபத்துக்கு வழிவகுக்கும். நெருக்கமான மனையில் மரத்தை அடியோடு சாய்க்க இடமிராது. உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி, அடிமரத்தில் சுற்றிய முனையை மெல்ல நெகிழ்த்தி இறக்க வேண்டும். கனத்த கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தால், அது பாதியில் முறிந்து, பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு ஏறியிருப்பவர்மீதே திரும்பக்கூடும். முதலில் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அடிப்பக்கத்தில் மூன்றிலொரு பங்கு ஆழம் அறுத்து, அடுத்து அதைவிடச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்கி, எஞ்சிய முளையைக் கடைசியாக, கிளை தொடங்கும் தடித்த வளையத்தைக் காயப்படுத்தாமல் எடுப்பதே சரியான முறை. தலைக்கவசமும் இடுப்புக் கச்சையும் இல்லாதவரை மரமேற விடக்கூடாது. கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால், குஞ்சுகள் வளர்ந்து பறந்துபோகும் வரை காத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்திற்கும் உகந்தது.

அகற்றிய மரத்திற்கு ஈடாக வைக்கும் கன்றை ஆனி, ஆடி மழையில் நடலாம். முன்பு செய்த தவறு திரும்பாதிருக்க, மதிலிலிருந்தும் குழாய்த் தடத்திலிருந்தும் தள்ளி, அடியில் சிமெண்ட் பூசாமல், மண்ணைத் திறந்தே விட வேண்டும். விண்ணப்பமும் ஆய்வும் நாள் எடுக்கும் என்பதால், கால்பைசாகிக் காற்று எழும்போது அலுவலகத்தைத் தேடுவதில் பயனில்லை. பாலிகஞ்சு வீட்டுக்காரர்கள் மாசி மாதத்திலேயே தங்கள் மரங்களின் அடியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்து, ஐயம் எழுந்தால் அந்த வாரமே எழுத்தில் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்திக்கொள்ளட்டும்.