அமேசான் காடும் அதன் மழையும்

தென் அமெரிக்காவின் படத்தை விரித்துப் பாருங்கள். மேற்குக் கரையை ஒட்டி ஆண்டிஸ் மலைத்தொடர் சுவர்போல் நிற்கிறது. அதற்குக் கிழக்கே அட்லாண்டிக் கடல் வரை பரந்து கிடப்பது அமேசான் வடிநிலம். இதன் பரப்பு ஏறத்தாழ 70 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைப்போல் இரு மடங்குக்கும் சற்று அதிகம்.

மலைப்பகுதி நீங்கலாக இந்நிலம் வியக்கத்தக்க அளவு தட்டையானது. பெரு நாட்டிலுள்ள ஈக்கிட்டோஸ் நகரம் ஆற்றின் வழியே கடலிலிருந்து சுமார் 3,600 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆனால் கடல் மட்டத்துக்கு மேல் அதன் உயரம் ஏறத்தாழ 100 மீட்டரே! அதாவது, கிலோமீட்டருக்கு 3 செ.மீ. சரிவுகூட இல்லை. குளியலறைத் தரைக்குக் கொத்தனார் ஒரு மீட்டருக்குள்ளேயே ஒரு செ.மீ. சரிவு வைத்துவிடுவார். இவ்வளவு மெல்லிய சரிவில்தான் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கன மீட்டர் நீர் கடலுக்குப் போகிறது.

நிலநடுக்கோட்டுப் பகுதியாதலால் பருவங்களுக்கிடையே வெப்ப வேறுபாடு மிகக் குறைவு. மனாஸ் நகரில் சராசரி வெப்பநிலை சுமார் 27 டிகிரி செல்சியஸ். மாதத்துக்கு மாதம் இரண்டு மூன்று டிகிரிதான் மாறும். பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு இதைவிட அதிகம்.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. ஈரக்காற்று கிழக்கேயுள்ள கடலிலிருந்து வருகிறது. வழியெல்லாம் மழையாகக் கொட்டிய பின் மேற்கே போகப் போக அது வறண்டுவிட வேண்டுமல்லவா? ஆனால் ஆண்டிஸ் அடிவாரத்திலும் பெருமழை பெய்கிறது. அந்த நீர் எங்கிருந்து வந்தது?

எனியாஸ் சலாட்டி என்ற பிரேசில் நாட்டு விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1970-களில் மழைநீரைச் சோதித்து இதற்கு விடை கண்டனர். நீரிலுள்ள ஆக்சிஜனில் பெரும்பகுதி நிறை எண் 16 கொண்டது. சிறு பகுதி 18 கொண்டது. நீராவி குளிர்ந்து மழையாகும்போது கனத்த மூலக்கூறுகள் முந்திக்கொண்டு விழும். எனவே உள்நாட்டு மழையில் ஆக்சிஜன்-18 வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். சோதனையிலோ குறைவு மிகச் சிறிதாகவே இருந்தது. விழுந்த நீரை யாரோ மீண்டும் காற்றில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்! மரங்களே அவை. வேர் உறிஞ்சிய நீரை, கனத்தது இலேசானது என்று பிரிக்காமல், ஏறக்குறைய அதே விகிதத்தில் இலைகள் ஆவியாக விடுகின்றன. இவ்வாறு மழையில் ஏறத்தாழ பாதி திரும்பச் சுழல்வதாகச் சலாட்டி குழுவினர் கணித்தனர். பிற்காலக் கணக்குகள் பெரும்பாலும் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை என்கின்றன. அதுவும் குறைந்ததன்று.

ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. வெயிலில் பெரும்பகுதி இவ்வாறு செலவாவதால் காடு கொதிப்பதில்லை. இக்காட்டை ‘உலகின் நுரையீரல்’ என்பார்கள். எனக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. அது வெளிவிடும் ஆக்சிஜனை ஏறக்குறைய முழுவதும் அதுவே செலவழித்துவிடுகிறது. நீரேற்றும் இயந்திரம் என்று சொல்லலாம்.

இந்த ஈரக்காற்று ஆண்டிஸில் மோதித் தெற்கே திரும்புகிறது. தென் பிரேசில், பராகுவே, வட அர்ஜென்டினா வயல்களுக்கு வரும் மழையில் ஒரு பங்கு இதிலிருந்து கிடைப்பது. காட்டில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இன்று அழிந்துவிட்டது. பெரும்பாலும் மேய்ச்சல் நிலமாகிவிட்டது. கோடையில் புல்லின் வேருக்கு நீர் எட்டாது. ஆழ வேரோடிய மரத்துக்கு எட்டும். ஆகவே நீர் மிகவும் தேவைப்படும் மாதங்களில்தான் இயந்திரம் தளர்கிறது. அமேசானின் தென்பகுதியில் வறண்ட பருவம் 1979-க்குப் பின் நீண்டு வந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

மனாஸில் ரியோ நீக்ரோ ஆற்றின் மட்டம் 1902 முதல் அளக்கப்படுகிறது. 2023 அக்டோபரில் அது அதுவரை காணாத அளவுக்குத் தாழ்ந்தது. 2024 அக்டோபரில் அதற்கும் கீழே போயிற்று. எல் நினோவும் அட்லாண்டிக் கடல் சூடானதும் இதற்கு முக்கியக் காரணங்கள். காடழிப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. படகே பாதையாக உள்ள ஊர்களில், படகுகள் மணலில் தட்டி நிற்க, மக்கள் குடிநீருக்கு அலைந்தார்கள்.